உரோமாபுரி விழுந்தது எந்தக் கிழமை?

வரலாற்று ரீச்சர் இண்டைக்கு லீவு.
நேற்று அவ எழுதிவிட்டுப் போன கேள்வி மட்டும்
கரும்பலகையில் அழியாமல் கிடக்குது:
"உரோமப் பேரரசு ஏன் வீழ்ந்தது?"

யதுசன் வாங்கில் ஏறி நிண்டான்.
"பெரிய ஆனை ஒண்டு வந்து இடிச்சிருக்கும்!"
எல்லாரும் சிரிச்சம்.
அபிசனா மட்டும் சிரிக்கேல்லை.
அவளின்ரை அப்பா இணுவிலில் வேலி அடைக்கிறவர்.

"ஆனை தேவையில்லை, வேலி நீண்டால் காணும்.
ஒரு வளவெண்டால் அப்பா ஒரு நாளில முடிப்பார்.
பக்கத்துக் காணியும், அதுக்கங்கால காணியும்,
அதுக்கும் அங்கால கடல் மட்டும் எங்கட எண்டால்?
கை இரண்டுதானே.
கடைசி மூலைக்குப் போய்ச் சேர முதல்
முதல் மூலைக் கிடுகு உக்கிப்போகும்.
ஓட்டைக்குள்ளால ஆடு வரும்."

"ஆடில்லை, ஆக்கள்" எண்டான் றெக்சன்.
லைபிறரிப் புத்தகம் வாசிக்கிறவன்.
"குதிரைப்படை துரத்த ஓடி வந்தவை.
பிள்ளை, பானை, பாய் எல்லாம் தூக்கிக்கொண்டு
ஆத்துக்கு அந்தக் கரையில நிண்டு கேட்டவை:
எங்களை உள்ளுக்க விடுங்கோ.
விட்டினம்.
விட்டுப்போட்டு, பசிச்சவைக்குச்
சாப்பாட்டை அநியாய விலைக்கு வித்தினம்.
பிறகு சண்டை வராமல் என்ன செய்யும்?"

வகுப்பு கொஞ்ச நேரம் கதைக்கேல்லை.
பானையும் பாயும் தூக்கி நடந்த கதை
எங்கள் எல்லார் வீட்டிலும் ஒண்டு இருக்கு.

வெதுப்பகத்துக் கீர்த்திகன்தான் பிறகு தொடங்கினான்.
"படைக்குச் சம்பளம் குடுக்க வெள்ளி காணேல்லையாம்.
காசுக்குள்ள செம்பைக் கலந்தினமாம்.
பார்த்தால் வெள்ளி, உரஞ்சினால் செம்பு.
பாண்காரன் விடுவானே?
ஒரு காசுக்கு வித்த பாண் பத்துக் காசு, பிறகு நூறு.
எங்கட கடையிலயும் ஒரு வருசம் அப்பிடித்தான்.
அப்பா விலைப் பலகையை அழிச்சு அழிச்சே
சோக்கட்டி முடிஞ்சுது."

அங்க ஐம்பது வருசத்துக்குள்ள
இருபதுக்கு மேல ராசாமார்.
ஒருத்தரை விழுத்தி ஒருத்தர்.
போன தவணை எங்களுக்கு மூண்டு மொனிட்டர் மாறி
ஒருத்தரும் வகுப்பைக் கூட்டாமல் விட்ட மாதிரி.
இடையில கொள்ளைக் காய்ச்சலும் வந்து
வயல் உழவும் ஆளில்லையாம்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.
"சரி, விழுந்தது எந்தக் கிழமை?"

புத்தகத்தைப் புரட்டினம்.
வருசம் இருக்கு. கிழமை இல்லை.

அண்டைக்கும் அங்க ஒரு பிள்ளை
செருப்பைத் தேடியிருக்கும்.
ஒரு நாய் நிழலில் படுத்திருக்கும்.
"அரசு விழுந்திட்டுது" எண்டு ஆரும் மணி அடிச்சிருக்க மாட்டினம்.
மாமரம் புயலுக்கு முறிஞ்சால் ஊருக்கே கேட்கும்.
கறையான் கதியாலைத் தின்னுறது
ஆருக்குக் கேட்கும்?

"ஆனால் கிழக்குப் பாதி
இன்னும் ஆயிரம் வருசம் நிண்டதாம்" எண்டான் றெக்சன்.
"அந்தப் பக்கம் வடிவாய் அடைச்சிருப்பினம்"
எண்டாள் அபிசனா.

மணி அடிச்சுது.
எல்லாரும் ஓடினாப் பிறகு
யதுசன் திரும்பி வந்து, எட்டி எட்டிக்
கேள்விக்குக் கீழ எழுதினான்:

ரீச்சர், ஆனை இல்லை.