5/18

காலபோக அறுவடைக்கு மூன்று கிழமை இருக்க
திணைக்களம் ஒரு புதுக் கணினி தந்தது.
விசைப்பலகை இல்லை. தொட்டால் போதும்.
பழைய விரிதாள் அதில் ஓடாது என்றார்கள்.
ஓடாது என்றதும் மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

கொழும்பிலிருந்து றொமேஷ், கழுத்துப்பட்டியோடு.
யாழ்ப்பாணத்திலிருந்து துவாரகன்,
ஆறு மாதம் இலவசம் என்ற துண்டுப்பிரசுரத்தோடு.
மூன்றாவதுக்கு விற்பனையாளரே இல்லை.
வவுனியா வளாகத்தில் படிக்கும் ஜெனிற்றா
தானாக பஸ் ஏறி வந்தாள்.
காசில்லை, பிழை வந்தால் நாங்களே திருத்தலாம் என்றாள்.
எங்களில் ஆர் திருத்துறது என்று தலைவர் கேட்டார்.
அவள் தேத்தண்ணீரைக் குடித்தாள்.

முத்தையன்கட்டு கமக்காரர் சங்கத்தில்
இருபது கதிரை, ஒரு மின்விசிறி.
"ஒவ்வொரு செல்லிலும்" என்று றொமேஷ் தொடங்க
பின்வரிசையில் அருளம்மா சிரித்துவிட்டா.
"தம்பி, இஞ்ச செல் எண்டால் வேற சாமான்.
கட்டம் எண்டு சொல்லுங்கோ."
அவன் அன்று முழுக்கக் கட்டம் என்றே சொன்னான்.
அதற்காகவே அவனை எனக்குப் பிடித்தது.

நான் கணக்குப்பிள்ளை. என்னிடம் இருந்த பரீட்சை
போன போகப் பேரேட்டின் ஒரு பக்கம்.
துவாரகனுடையது மின்னலாய்க் கூட்டியது,
கேளாமலே வட்ட வரைபடம் கீறியது.
ஜெனிற்றாவினது யோசித்து யோசித்துக் கூட்டியது.
ஆனால் பெயர்களை அகரவரிசையில் அடுக்க
அது ஒன்றுக்குத்தான் தெரிந்தது;
மற்ற இரண்டிலும் றஞ்சிதம்
வரிசையை முந்தி லோகநாதனுக்கு முன்னால் நின்றா.

பிறகு காணி இலக்கம்.
ஐந்தாம் வாய்க்கால், பதினெட்டாம் துண்டு.
எங்கள் வழக்கில் 5/18.

றொமேஷின் திரை அதை வகுத்துப் பார்த்தது: 0.28.
துவாரகனின் திரை
மே 18 என்று எழுதியது.

மின்விசிறி சுற்றியது.
அவன் அழித்தான், திரும்ப அடித்தான்.
திரும்பவும் மே 18.
காணிக்காரி பராசக்தி எழும்பி
வெளியே சைக்கிளடிக்குப் போனா.
துவாரகனுக்கு அப்போது ஏழு வயதிருக்கும்.
எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

ஜெனிற்றாவின் திரையில்
5/18 போட்டபடி கிடந்தது.

அவள் வென்றாள் என்று நினைப்பீர்கள்.
ஆலைக்காரர் வைத்திருப்பது துவாரகனுடையதை,
அதில் அனுப்பினால்தான் காசு கெதியாய் வரும்.
கைகள் உயர்ந்தன. என்னுடையதும்.

போகும்போது அவன் ஒரு வழி காட்டினான்:
இலக்கத்துக்கு முன் ஒற்றை மேற்கோள் ஒன்று போட்டால்
அது திகதியாகாது.
குறி வெளியே தெரியவும் தெரியாது.

இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு காணிக்கும்
முன்னால் அதைப் போட்டுவருகிறேன்.
ஒரு வரியில் மட்டும்
இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான்
அடுத்த கட்டத்துக்குப் போகிறேன்.

பராசக்தி. 5/18.
ஈரம் பதினாறு. மூட்டை நாற்பத்தொன்று.