தோடம்பழக் கலர்

பருத்தி வேண்டாம் என்றார் தில்ருக்ஷி மிஸ்.
தண்ணீர் குடித்தால் பருத்தி கல்லாகும்.
நாடா வேண்டாம், சுருக்கு வேண்டாம்,
பிடித்து இழுத்தால் கையோடு வராத அளவுக்கு
உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.
நீளக் கை என்றால் இன்னும் நல்லது,
இந்த ஊர்த் தண்ணீர் உங்களுக்குத் தெரியும்தானே.

தெரியும்.
பீலித் தண்ணீரில் வளர்ந்தவள் நான்.
குறுக்குக்கட்டின் பாரம்
இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.
நனைந்ததும் முழங்காலைச் சுற்றிக்கொள்ளும்,
ஓர் எட்டு வைக்க விடாது.
தண்ணீருக்கென்று தனியாக ஓர் உடுப்பு
எங்கள் வீட்டில் யாரும் தைத்ததில்லை.

தைத்ததில்லை என்பதும் பொய்.
தங்கை கட்டுநாயக்காவில்
ஆறு வருசமாய் அதைத்தான் தைக்கிறாள்,
இடது தோள் மட்டும்.
ஒரு நாளைக்கு எண்ணூறு இடது தோள்.
முழுசாய் ஓர் உடம்பில் அவள் பார்த்ததில்லை.
போனில் சொன்னாள்:
"உட்பக்கத்தத் திருப்பிப் பாரு அக்கா.
தையல் படுத்திருக்கணும், நிமிந்திருந்தா
பிள்ளைக்குக் கக்கம் உரஞ்சிரும்.
காலோரத்த இழுத்து விடு,
சட்டுனு திரும்பி வரணும்."

சனிக்கிழமை, ஹட்டன்.
பஸ் தரிப்புக்கு மேலே முபீன் நானாவின் கடை.
மழைக்கோட்டுகளுக்குப் பின்னாலிருந்து
மூன்றை எடுத்துப் போட்டார்.
ஒன்று ரோசா, இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடைத் துண்டு.
ஒன்று நீலம், நெஞ்சில் மீன்வால் பெண், வாலெல்லாம் சமிக்கி.
ஒன்று தோடம்பழக் கலர், பொடியன்மாருக்கானது,
படமே இல்லை, விலை பாதி.

கவிஷ்கா நீலத்தை அப்போதே
கட்டிப்பிடித்துவிட்டாள்.
நாலரை வயதுதான். அந்தக் கையைப் பிரிக்க
மூன்று பேர் வேண்டும்.
இழுத்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன்.
நீலத்தின் தையல் படுத்துத்தான் இருந்தது.
வேண்டாமென்று சொல்ல
இரண்டாயிரத்து அறுநூறு ரூபாயைத் தவிர
வேறு காரணம் அகப்படவில்லை.

ஒழுகும் தாழ்வாரத்தின் கீழ் ஒரு வாளி,
நீல வாளி, விளிம்பு வரை மழை.
"நனையத்தானே செஞ்சிருக்கு" என்று
நானா இரண்டையும் உள்ளே அமுக்கினார்.
மீன்வால் பெண் போனாள்.
சமிக்கி ஒன்றிரண்டு மினுங்கியது,
பிறகு அதுவும் இல்லை.
தோடம்பழம் அடியில் கிடந்தது,
உரித்துப் போட்ட தோல் மாதிரி,
அங்கிருந்தும் தெரிந்துகொண்டு.

"அம்மா, மீனக்காவக் காணல்ல."

நான் பதில் சொல்லவில்லை.
போன ஐப்பசியில் ஓயா பெருகியபோது
மேல்கணக்கு ஆட்கள் டார்ச் லைட்டோடு இறங்கினார்கள்.
கரையில் நின்றவர்களிடம் அவர்கள் கேட்டது
ஒன்றே ஒன்றுதான்:
பையன் என்ன கலர் சட்டை?
ஒருத்தருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
நானும் அங்கே நின்றேன்.

பஸ்ஸில் ராசமலர் அக்கா பையைப் பிரித்தார்.
"பொம்பளப் பிள்ளைக்கு இதுவா? ஒரு பூகூட இல்லியே."
கவிஷ்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.
மீனக்கா இன்னும் வாளிக்குள்தான் இருக்கிறாள்
என்பது அவள் எண்ணம்.

முதல் வகுப்பு, பின்னேரம் மூன்று மணி.
பதினொரு பிள்ளைகள், எட்டு நீலம்.
சீமெந்துக் கட்டில், மடியில் துவாயோடு
நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.
மூன்றரைக்குப் பனிமூட்டம் இறங்கியது.
முதலில் எதிர்க்கரையை எடுத்தது,
பிறகு மிஸ்ஸின் தொப்பியை.
பிள்ளைகளில் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தது.

அதற்குள்ளே ஒரு புள்ளி,
துள்ளிக்கொண்டு.
எண்ணுவதை விட்டேன்.
இல்லை, அதை மட்டும் எண்ணினேன்.
ஒன்று. ஒன்று. ஒன்று.

விசில் ஊதி எல்லாரையும் ஏற்றினார் மிஸ்.
பல் அடிக்க, உதடு ஊதாவாகி
ஓடி வந்து நின்றாள் என் முன்னால்.
"அம்மா, சூச்சூ. இப்பவே."

இழுத்தேன்.
தங்கை சொன்னபடியே
சட்டென்று திரும்பி வந்தது காலோரம்.
ஈரக் கை தோளை விட்டு அசையவில்லை.
ஒட்டி இருக்கட்டும் என்றார்கள் எல்லாரும்.
எப்படிக் கழற்றுவது என்று
ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.