நூறு கண்ணி

குளக்கட்டு அளக்க வந்தவனுக்கு
அமெரிக்காவில் யாரோ ஒரு துரையின் பெயர்.
வட்டுக்கோட்டைப் பள்ளியில் அவன் சோற்றுக்குப்
பணம் கட்டிய துரை. எபனேசர்.
எங்கள் அப்புவுக்கு அது வாயில் நுழையவில்லை,
நுழைக்கவும் அவர் விரும்பவில்லை.
சங்கிலிக்காரன் என்றார்.
மாட்டுக்கொட்டிலில் ஒரு பாய் கொடுத்தார்.

அந்த வைகாசியில் கூலியாள் காய்ச்சலில் விழுந்தான்.
வன்னிக் காய்ச்சல், எழும்ப மூன்று கிழமை.
பாலைப்பழம் பொறுக்கப் போன அக்கா பறுவதம்
சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
நூறு கண்ணி. அறுபத்தாறு அடி.
அதைவிடக் கிட்ட அவர்கள் நின்று நான் காணவில்லை.
அவன் இழுத்தால் அவள் கைக்குத் தெரியும்,
அவள் விட்டால் அவனுக்கு.
ஒவ்வொரு முளைக்கும் உரத்து எண்ணினாள்,
எழுத்தறியாதவள்.

முள்ளியவளையிலிருந்து மாமா வண்டி கட்டி வந்தார்.
"வேதக்காரன். ஆர் எவரெண்டு தெரியாது.
அவன்ர பேரே இரவல்."
அம்மா அழவில்லை. சங்கிலி பட்ட கையென்று
அக்காவின் உள்ளங்கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்,
பித்தளைச் செம்பைத் தேய்ப்பதுபோல.

ஆவணியில் அவனை மன்னார்ப் பக்கம் மாற்றினார்கள்.
புரட்டாதியில் உப்பு வண்டிக்காரன் கடிதம் கொண்டுவந்தான்,
அப்புவின் பெயருக்கு.
அப்புவுக்கு ஏடு வாசிக்க வரும், கடதாசி வராது.
முல்லைத்தீவில் இரண்டு வருஷம் படித்தவன் நான்.
"படி."

விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன்.
வணக்கம், சுகம், மாசச் சம்பளம்,
தாலி உங்கள் கோயிலில் என்றாலும் சம்மதம் என்பதுவரை.
முற்றத்து உரலில் உலக்கை நின்றுவிட்டது.
அடுத்தது ஒரு சின்ன வரி:
'மறுப்பென்றால் அவரே தன் வாயால் சொல்லட்டும்.'

யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.
மாமா இருமக்கூட இல்லை.
"இப்படிக்கு" என்று படித்தேன்.

தையில் மாமாவின் மகனுக்கு அவளைக் கொடுத்தோம்.
நல்லவன்தான்.
எட்டாம் வருஷம் யானை அடித்துச் செத்தான்.
குளம் கட்டி முடிந்தது,
இப்போது இரண்டு போகம் விதைக்கிறோம்.

அப்புவின் எட்டுச்சிலவு முடிந்த மறுநாள்
பெட்டகத்தைக் கிளறிக் கடிதத்தோடு வந்தாள்.
ஓரம் கறையான் தின்றிருந்தது.
முழங்காலில் விரித்து வைத்து எண்ணினாள்,
முளை எண்ணிய அதே குரலில்.
பதினொன்று.
"அண்டைக்கு உன்ர விரல்
பத்துத்தரம்தான் தங்கி இறங்கினது, தம்பி.
உரலடியில நிண்டு பாத்தனான்."

படித்தேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னாள்.
பிறகு மடித்து இடுப்பில் செருகினாள்.
"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."
என்ன என்று சொல்லவில்லை.

துருசுப் பலகை இறக்க நேரமாச்சென்று
குளக்கட்டில் ஏறி நடந்தாள்.
நானும் பின்னால் போனேன்.
கிட்டப் போகவில்லை.