கடைசிப் படகு

காலையில் பதினொரு பேரை
அக்கரையில் இறக்கிவிட்டாள் உர்சினா.
மாலை ஐந்து நாற்பதுக்கு எண்ணினால்
பன்னிரண்டு.

குறைந்தால் மீட்புக்குழுவைக் கூப்பிடலாம்.
கூடினால்?

முழங்கால் சிராய்த்த பையன்,
மலை முழுக்கச் சண்டை போட்ட தம்பதி,
தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்த பல் மருத்துவர்...
ஓரத்தில் ஒருவன்,
உதடெல்லாம் புளூபெர்ரி நீலம்.

கணவாயில் மேகம் இறங்கியதாம்.
பாறையில் தீட்டிய வழிக்குறி என்று நம்பி
அவன் பின்தொடர்ந்தது
ஓர் ஆட்டின் முதுகுச் சிவப்பை.
கார் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

யாரோ சிரித்தார்கள். பிறகு தம்பதியும்,
ஒரே நேரத்தில்.

உர்சினா சிரிக்கவில்லை.
டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள்:
"ஒருவழி என்றால் விலை கூடுதல்."

தண்ணீரில் தலைகீழாய்க் கிடந்த சிகரத்தை
நடுவே கலைத்துக்கொண்டு
கிளம்பியது படகு.