பட்டியலின் முதல் வரி

கட்-ஆஃப் நூற்றுத் தொண்ணூற்றாறரை.
குலசேகரம் சந்தை முக்கில்
பள்ளிக்கூடம் ஃப்ளெக்ஸ் வைத்தது,
ஞா. ஜெபிஷா என்று,
பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி
கன்னத்துப் பரு உட்பட.
அதன் கீழே நின்றுதான் அப்பா
வட்டிக்காரரிடம் இரண்டு மாசத் தவணை கேட்டார்.
அவர் நிமிர்ந்து ஃப்ளெக்சைப் பார்த்துவிட்டு
ஒரு மாசம் கொடுத்தார்.

ஜூன் முழுக்க மழை.
ரப்பர்ப் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை.
கவுன்சிலிங்குக்கு நாள் குறித்தவர்கள்
எங்கள் வானத்தைக் கேட்டிருக்க ஞாயமில்லை.

அப்பா எந்தத் தொகையையும்
ஒட்டுப்பாலில்தான் நினைப்பார்.
கிண்டி, ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து
வருஷத்துக்கு எழுபதாயிரம் என்றேன்.
"கிலோ நூறுண்ணு வச்சா எழுநூறு கிலோ,"
என்று சொல்லிக் கூரையைப் பார்த்தார்,
எழுநூறு கிலோவையும் அங்கே
அடுக்க இடம் தேடுகிறவர் மாதிரி.
நாலால் அவர் பெருக்கவில்லை.
நானும் பெருக்கவில்லை.
எனக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு.

கோணத்தில் கல்லூரி உண்டு. வீட்டுச்சோறு.
பஸ்சில் பெண்பிள்ளைக்கு
பூஜ்யம் என்று டிக்கெட் கிழித்தே தருவார் கண்டக்டர்.
பூஜ்யம் எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று
கணக்கு டீச்சர் சொன்னதுண்டு.
அவர் சொன்னது வேறு விஷயத்துக்கு.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் அரசுப் பள்ளி.
அந்தப் பக்கம் சபைப் பள்ளி, உதவி பெறுவது.
ஆறாம் வகுப்பில் அம்மை என் கையைப் பிடித்து
தடிலாரி போகக் காத்து நின்று
ரோட்டைக் கடந்தாள்.
அங்கே இங்கிலீஷ் நன்றாக வரும் என்றார்கள்.
வந்தது.
கடக்காமல் இருந்திருந்தால், ஏழரை சதவீதத்தில்
படிப்பும் விடுதியும் சர்க்கார் பாடு.
இருபதடி ரோடு.
ஏழு வருஷம் கழித்துச் சுங்கம் கேட்கிறது.

முதல் பட்டதாரிச் சலுகை
பெனின் அண்ணன் பேரில் அன்றே போயிற்று.
மூன்றாம் செமஸ்டரில் அரியரோடு இறங்கி
கத்தாரில் ஏசி மாட்டுகிறான்.
எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி உண்டு.
பட்டதாரிதான் இல்லை.

வங்கியில் அம்மையின் பெருவிரலை
அந்தக் கருவி வாங்கவில்லை.
அண்டி ஆபீசில் இருபது வருஷம் தோடு உடைத்து
எண்ணெய் தின்ற ரேகை.
"நல்லா அமுக்குங்கம்மா" என்றான் பையன்.
அமுக்கினாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்,
குற்றம் அதன்மேல் இருக்கட்டும் என்று.
கடைசியில் சுண்டுவிரலில்
ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கூடப் படித்த ரெஜிலாவுக்கு நூற்று நாற்பது.
கிண்டியை முதலில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.
கிடைக்காது, அதனால் போடலாம்.
நான் முதல் வரியில் எதை எழுதினாலும்
அது நடந்துவிடும்.
மார்க் ஏற ஏற
பழிபோட விதிகூட மிஞ்சாது என்று
ஒரு டியூஷனிலும் சொல்லித் தரவில்லை.

கடைசி நாள், மாலை நாலு மணி.
பிரவுசிங் சென்டரில் கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
கோணத்தை மேலே இழுத்தேன்.
கிண்டியை மேலே இழுத்தேன்.
மறுபடி கோணம்.
"மோளே, எனக்கு ஒரு பிரிண்ட் உண்டும்," என்றார்
ரேஷன் கார்டில் பேர் திருத்த வந்தவர்.
அவருக்காகத்தான் கையை எடுத்தேன் என்று
இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

பூட்ட ஓடிபி வேண்டும். போன் அம்மையிடம்.
தட்டுகிற சத்தத்துக்கு நடுவே
ஒவ்வொன்றாய்க் கத்திப் படித்தாள்:
ஒம்பது. மூணு. மூணு. ஒண்ணு. ஏழு. பூஜ்யம்.
"பூஜ்யமா, எட்டா?"
"கண்ணாடி எடுக்கல்ல மக்களே, நில்லு."
யாரோ வாங்கிப் பார்த்தாள். தெரியாத குரல்.
"எட்டு."

எதை மேலே வைத்தாய் என்று அம்மை கேட்கவில்லை.
"அங்க சூடு கூடுதலா இருக்கும்,
ஒரு ஃபேன் வேணும் இல்லியா" என்றாள்.

ஃபேன் ஆயிரத்து ஐநூறு.
பதினைந்து கிலோ.
வெளியே மழை.