மூன்று முறை கூப்பிடுவேன்

பெனின் நகரம், உயர்நீதிமன்றம், நான்காம் அறை.
பெயர் கூப்பிடுவது என் வேலை.
தொண்டைக்குத்தான் சம்பளம்.
ஒரு தரம் கூடத்துக்குள்,
ஒரு தரம் வாசற்படியில்,
ஒரு தரம் வண்டிகள் நிற்கும் மாமரத்தைப் பார்த்து.
மூன்றுக்கும் ஆள் வராவிட்டால்
வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

ஒமொரோடியோன் எதிர் ஐக்பே.
பதினெட்டு வருடமாக இரண்டு பெயரையும்
ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி
புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆகிவிட்டார்கள் என் வாயில்.

நாலடி நிலம்தான் வழக்கு.
இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே
மழைத் தண்ணீர் ஓடுகிற செம்மண் சந்து.
ஒரு ஆடு படுத்தால் இன்னொன்று நிற்க வேண்டும்.

முதல் நீதிபதி பாதி கேட்டார்;
பதவி உயர்ந்து போய்விட்டார்.
மறுபடி முதலிலிருந்து.
இரண்டாமவர் முக்கால்வாசி முடித்தார்;
தேர்தல் தகராறு கேட்க வடக்கே அனுப்பினார்கள்,
திரும்பிவந்தபோது ஓய்வு பெறும் வயது.
முதலிலிருந்து.
மூன்றாமவர் காலத்தில் ஊழியர் வேலைநிறுத்தம்.
இந்தக் கதவில் பூட்டு மாட்டியவன் நான்தான், மறைக்கவில்லை.
பதினெட்டு வருடத்தில் இரண்டு மாதம் என் கணக்கு.

மின்சாரம் இருக்காது. ஜெனரேட்டருக்கு டீசல் இருக்காது.
சாட்சியத்தை நீதிபதி கையால் எழுதுவார்,
சாட்சி பேனாவைப் பார்த்துப் பேச வேண்டும்.
"எங்கப்பா இந்தக் கல்லை நட்டபோது..."
நிறுத்து. பேனா வரட்டும்.
"...நான் சின்னப் பிள்ளை."
கொதித்துக்கொண்டு கூண்டேறியவர்கள்
சொல்லச் சொல்ல ஆறிப்போய் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நில அளவைப் படத்தைக் கரையான் தின்றது.
தகராறு உள்ள நாலடியை மட்டும் தொடவில்லை.
அதற்கும் சட்டம் தெரியும் போல.

வயது என்ன என்று கேட்கும்போதெல்லாம்
இட்டோஹான் ஐக்பேயிடம் வேறு பதில்.
நாற்பத்தொன்று. நாற்பத்தேழு. ஐம்பத்துமூன்று.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து
இது முரண்பாடு என்றார் ஒருமுறை.
நீதிபதி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

எந்த வருடமோ, ஒரு மழைக்காலம்.
சாலை அரித்துக்கொண்டு போய் ஒரே ஒரு வாடகைக் கார்.
முன்சீட்டில் வாதி, பின்சீட்டில் பிரதிவாதி.
பிறகு அப்படியே வரத் தொடங்கினார்கள்.
வாய்தா வாங்கியதும் வாசலில் சுட்ட வாழைக்காய்,
ஒரு பொட்டலம் வேர்க்கடலை.
இன்றைக்கு இவர் காசு, அடுத்த வாய்தாவுக்கு அவர் காசு.
நிலத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்,
அது கோர்ட்டில் இருக்கிற விஷயம்.

வழக்கு எப்போது வழக்கமானது என்று
எந்தக் கட்டிலும் எழுதியிருக்கவில்லை.
கட்டுகளைத் தைத்தவன் சொல்கிறேன்.

இந்த ஜனவரி.
ஹார்மட்டான் தூசியில் மாமரமே தெரியவில்லை.
நான்காவது நீதிபதி, இளையவர்,
கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கிறவர்.
ஐக்பே எழுந்து நின்றார்.
ஒமொரோடியோன் என்று கூப்பிட்டேன் கூடத்துக்குள்.

எனக்குத் தெரியும்.
போன வெள்ளிக்கிழமை அடக்கத்தில் நானும் இருந்தேன்.
முன்தெரு முழுக்கப் பள்ளம்,
பெட்டியை அந்த நாலடி வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.
சுவரில் இடிக்காமல் ஒரு பக்கம் கைகொடுத்தது
பிரதிவாதி.

ஆனால் சான்றிதழ் கட்டில் சேரும்வரை
கோர்ட்டுக்கு அவர் உயிரோடு இருக்கிறார்.
படியில் நின்று கூப்பிட்டேன்.
அந்த அம்மாவும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.
தூசியைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

வக்கீல் எழுந்தார்: வாரிசுகளைச் சேர்க்க வேண்டும்,
மொத்தம் ஏழு பேர், இருவர் இத்தாலியில்.
வாய்தா. அக்டோபர் பதினாறு.
பேனா நிற்கும்வரை எல்லோரும் நின்றோம்.

வாசலில் வாழைக்காய்க்காரி கை நீட்டினாள்.
இன்றைக்கு அவர் முறை, என்றார் ஐக்பே,
பையைத் திறக்காமல்.
நான் கொடுத்தேன்.

அக்டோபருக்குள் தொண்டையைச் சரிபண்ண வேண்டும்.
ஏழு பெயர்.
ஏழு மூன்று இருபத்தொன்று.