அரை அட்டை

வெள்ளை இருபத்தொன்று, மண் நிறத்தில் ஏழு.
அட்டையின் பின்னால் அம்புக்குறி,
எறும்பு போவது போல ஒரே திசைக்கு.
அப்போதெல்லாம் எனக்குக் கடிகாரம்
வீரவநல்லூர் ஸ்டேஷனில் கூவும்
ராத்திரி ரயில்தான்.
கூவினால் பீடிச் சொளவை இறக்கிவைத்து
ஒன்றைப் பிதுக்கி வாயில் போடுவேன்.

கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை
ஜெபக்கனி சிஸ்டர்.
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து
முள் இறங்குவதையே பார்த்திருந்தாள்.
கடைக்குட்டி பால் மறந்தாச்சா?
கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கி வலித்ததுண்டா?
மஞ்சள்காமாலை?
காசத்துக்கு மருந்து?
புகை உண்டா என்றாள்.
நாளைக்கு எழுநூறு சுத்துகிறேன் சிஸ்டர்,
ஒன்றைக்கூடப் பற்றவைத்ததில்லை.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
தலைவலி வருமா?
வருமுன்னே கண்ணில் ஏதும் மினுங்குமா?

இதென்ன கேள்வி,
கண் டாக்டரா இவள் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஆறு பெருகித்
தண்டவாளத்தில் தண்ணீர்.
வராத ரயிலுக்குக் காது கொடுத்துக்கொண்டே
இரண்டு ராத்திரி தூங்கிப்போனேன்.
மூன்றாம் நாள் காலையில் அட்டையைத் திருப்பினால்
இரண்டு வெள்ளை முழித்துக்கொண்டிருக்கிறது.
குடை இல்லாமல் ஓடினேன்.
"ஒன்னை இப்பவே போடு.
இன்னைக்குள்ளதை ராத்திரி, அதன் நேரத்துக்கு.
நடு வாரம், பிழைச்சே.
ஏழு நாளைக்கு உன் வீட்டுக்காரர் உறை போடட்டும்."
ஏழு நாளா என்றார் கொம்பையா,
ஏழரைச் சனி என்று கேட்டவர் போல.
அவரே போய் போனில் அலாரம் வைத்துவந்தார்.
அது சேவல் மாதிரி கத்தும்.
ரயில் இனி அதன் பாட்டுக்கு வரட்டும்.

பங்குனி பிறந்தது. பக்கத்து வீட்டு மாலையம்மா மதினி
நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்:
"உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வேன் பேசியிருக்காவ.
எனக்கு நாள் இடிக்கு.
தள்ளிப்போட ஒரு அரை அட்டை குடேன்ளா."
கொடுக்கத்தான் போனேன்.
தகரப் பெட்டிக்குள் கை போய்விட்டது.

அவள் நெற்றிப்பொட்டை அமுக்கிக்கொண்டே சொல்கிறாள்:
"காலையில இலை வெட்டும்போது
கண்ணோரத்துல கத்திரிப் பல்லு மாதிரி ஒரு வெளிச்சம்,
நெளிஞ்சு நெளிஞ்சு பெருசாகி
இலையில பாதியக் காணும்.
பெறவு மண்டை பொளந்துட்டு.
மாசம் ரெண்டு தரம் வரும்ளா.
சாமி வருதோன்னுகூட நெனச்சேன்."

பெட்டிக்குள்ளேயே நின்றது என் கை.

தரமாட்டேன் மதினி.
சும்மா கிடைக்கிற மாத்திரைக்கு
இம்புட்டுப் பிகுவா என்றாள்.
எனக்குப் பேசத் தெரியவில்லை.
என் ராத்திரிக்குத் தூக்கம் தருவது
உன் மூளையில் ரத்தத்தைக் கட்டவைக்கலாம்,
வாய் கோணலாம், கை விழலாம்,
மெடிக்கலிலும் கேட்டு வாங்கிவிடாதே, சிஸ்டரைப் பார்
என்று உளறினேன்.
மடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

உத்திரத்தன்று வேன் போனது.
சுவருக்கு அந்தப் பக்கம்
கத்திரி இலை வெட்டும் சத்தம்
நாள் முழுக்க எனக்குக் கேட்டது.
பதினொரு நாள் பேச்சில்லை.
குழம்புக் கிண்ணம் போகவில்லை, வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அலாரம் கத்துகிற நேரம்
வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள்.
"உங்க சிஸ்டரு என்னைக்கு இருப்பா?"
செவ்வாய் என்றேன்.
அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.
இந்த மண் கலர் எதுக்கு?
அது வெறும் இரும்புச் சத்து மதினி,
பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க.
"அப்ப அதையாவது குடேன்."
அதுவும் தரமாட்டேன்.
எண்ணிக்கை கெட்டுப்போகும்.